கஞ்சா என்று தூக்கிப்போன மருதாணி

கதவுக்குத் தாழ் போட்டிருக்கவில்லை. தள்ளியிருந்தாலே திறந்திருக்கும். உதைத்துத்தான் வந்தார்கள்.

காலை பத்து மணி இருக்கும். நான் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கொல்லையில் பந்தலுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். அவருடைய தங்கைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். தாய் தகப்பன் இல்லாத பெண். எல்லாம் நாங்கள்தான் செய்ய வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் பாலக்காடு மதராஸ் ராஜ்யத்தோடு இருந்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு. கிழக்கே சில மைல் போனால் சித்தூர் தாலுக்கா, அது திருக்கொச்சி ராஜ்யம். அங்கே கள்ளுக்கடை திறந்திருக்கும். ஒரே மண், ஒரே சனம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். அதனால் எல்லையைத் தாண்டி வரும் வண்டியெல்லாம் போலீசுக்குச் சந்தேகம்தான். குடிக்கக் கிடைக்காதவர்கள் கஞ்சாவுக்குப் போய்விட்டார்கள் என்று வேறு பேச்சு இருந்தது. அதற்கும் சேர்த்துத் தேடினார்கள்.

என் பிறந்த வீடு அந்தப் பக்கம், சித்தூர் தாலுக்கா வடகரப்பதியில். அங்கே எங்கள் தோட்டத்து வேலி முழுக்க மருதாணி. நிக்காஹுக்கென்று என் அண்ணன் அதை உருவி, நிழலில் உலர்த்தி, ஒரு மூட்டை கட்டி மாட்டுவண்டியில் அனுப்பியிருந்தான். பெண்ணுக்கு வைத்தது போக மீதியைக் கடைத்தெருவில் விற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தான். மூட்டை சமையலறை மூலையில் இருந்தது.

வந்தவர்கள் ஐந்து பேர். இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், ஊருக்குப் புதிது. கூட வந்த ஏட்டு எங்கள் ஊர்க்காரர், தலை நரைத்தவர். மற்ற மூவரும் கான்ஸ்டபிள்கள். அவர்கள் நெற்குதிரைக் கவிழ்த்து நெல்லைத் தரையில் கொட்டினார்கள். கல்யாணப் பெட்டியைத் திறந்து புதுச்சேலைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். என் நாத்தனார் உள்ளறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை எழுந்து நிற்கச் சொல்லி, அவள் உட்கார்ந்திருந்த பாயையும் புரட்டினார்கள்.

பிறகு மூட்டையைப் பார்த்தார்கள்.

"என்னய்யா இது?" என்று இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"மருதாணிங்க. தங்கச்சி கல்யாணத்துக்குங்க."

"மருதாணிய எவன்யா மூட்டை கட்டி வெப்பான்? யாருகிட்ட கதை விடுற?"

ஏட்டு ஒரு பிடி இலையை எடுத்து முகர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்; இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு இலையைத் திரும்பப் போட்டுவிட்டார். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சட்டை போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. மூங்கில் சிம்பு ஒட்டிய மார்போடு அவர் தெருவில் நடந்து போனார். எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

பள்ளிவாசல் பெரியவர்களிடம் ஆள் விட்டேன். "வக்கீலைப் பார்க்கலாம், நாளைக்குப் போகலாம்" என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. போலீஸ் வாசலுக்குப் போய் நிற்க யாருக்கும் பயம்தான். நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அதுவரை கடைத்தெருவுக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை.

தெரு மறுகோடியில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்து லாரியில் வேலை பார்த்தவர். லாரி மலைப்பாதையில் உருண்டதில் ஒரு கால் போய்விட்டது. மிஞ்சிய தொடையில் வலி மட்டும் போகவில்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து, பீடி சுற்றிப் பிழைத்தாள். நான் வேகமாகப் போவதைப் பார்த்து அவள் வெளியே வந்தாள்.

"தனியாவா போறீய? இருங்கக்கா, நானும் வாரேன்" என்றாள். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும் எரிச்சலோடுதான் பேசினார். "சரக்கு மெட்ராசுக்குப் பரிசோதனைக்குப் போவணும்மா. அவங்க எழுதி அனுப்பட்டும், பாப்போம்."

"எத்தன நாளாகுங்க?"

"ஒரு மாசம் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்."

மூட்டை சுவரோரம் கிடந்தது. இன்னும் அரக்கு முத்திரை வைக்கவில்லை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "ஏனுங்க, அதுல ஒரு பிடி எல குடுங்க. அரச்சுக் கையில வெக்கறனுங்க. செவக்கலீன்னா என்னையும் உள்ள போட்டுருங்க" என்றேன்.

"உன் கை ஏற்கெனவே செவந்துதானே இருக்கு" என்றார் அவர். உண்மைதான். இரண்டு நாள் முன்புதான் இலை நல்லதா என்று பார்க்க என் விரலில் வைத்திருந்தேன்.

அப்போது ஏட்டு முன்னால் வந்து வலது கையை நீட்டினார். "என் கையில வெக்கட்டும் சார்."

ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே ஏட்டின் குடியிருப்பு. அவருடைய மனைவி அம்மியைக் கழுவிக் கொடுத்தாள். எலுமிச்சம்பழம் ஒன்றும் கொண்டுவந்தாள். நான் இலையை நுணுக்க, பீடி சுற்றும் பெண் தண்ணீர் தெளித்தாள். இன்ஸ்பெக்டர் சொல்லி ஒரு கான்ஸ்டபிள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். விழுதை ஏட்டின் உள்ளங்கையில் வட்டமாக அப்பினேன். விரலிடுக்கில் வழிந்ததைத் திரும்பத் திரும்ப ஒதுக்கினேன். "பயப்படாண்டாம், மோளே. எனக்கும் ரெண்டு பொண்ணு உண்டு, மருதாணி என்னன்னு அறியாதா?" என்று மெல்லச் சொன்னார். பிறகு எதற்குக் காலையில் வாயை மூடிக்கொண்டீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் எலுமிச்சம்பழத்தை விழுதின்மேல் பிழிந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் கையை மேசைமேல் மலர்த்தி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். புகார் கொடுக்க வந்தவர்களெல்லாம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் நின்றார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் கழுவச் சொன்னேன். நல்ல சிவப்பு என்று சொல்ல முடியாது. காய்ந்த இலை அதற்குள் அவ்வளவுதான் பிடிக்கும். ஆனால் செங்கல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

அவர் ஒரு காகிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தார். யாரோ துப்பு எழுதிப் போட்டது போலிருந்தது. "தெருவுல மூணாவது வீடுன்னுதான் எழுதியிருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "அந்தக் கோடியிலேர்ந்து எண்ணினா மூணாவது வீடு யாரோடது?" என்று கேட்டார்.

என் பக்கத்தில் நின்றவளின் விரல்கள் என் துப்பட்டிக்குள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தன. அது அவளுடைய வீடு. அவளுடைய அப்பா வலி தாங்காத நேரத்தில் கஞ்சா புகைப்பது தெருவுக்கே தெரியும். அதை விற்கும் ஆளில்லை அவர். தலையணைக்கடியில் ஒரு பொட்டலம் இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுவார் என்று தோன்றியது. ஆனால் காலையில் தரையில் கிடந்த நெல் கண்முன் நின்றது.

"அங்க ஒரு கால் இல்லாத பெரியவரு படுத்திருக்காருங்க. அவரு வாசலத் தாண்டி ரெண்டு வருசமாச்சுங்க" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏட்டு தொண்டையைச் செருமினார். "சார், இன்னைக்கு ஒரு கதவு ஒடச்சாச்சு" என்றார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து மேசைக்குள் போட்டார். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பினார்கள். ஏட்டின் மனைவி தன் புருஷனுடைய பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தாள்.

திரும்பி நடக்கும்போது அவளிடம், "இன்னிக்கே அதைத் தூக்கி எறிஞ்சுரு" என்றேன். தலையாட்டினாள். இருட்டுமுன் பொட்டலத்தைக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஏட்டு அவள் வீட்டுக்குத் தனியாக வந்தார். கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை நின்று, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

நிக்காஹ் அந்த வெள்ளிக்கிழமை நடக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா வந்தார், உடைந்த கதவைத் தொட்டுப் பார்த்தார், "கொஞ்சம் பொறுக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார். என் நாத்தனார் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளையின் அத்தாவே ஆள் அனுப்பி நாள் குறித்தார். நல்லபடியாக முடிந்தது.

கால் இழந்த பெரியவருக்குத்தான் நல்லபடியாக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அவருக்குக் கேட்கவில்லை. அவர் முனகுவது தெரு முழுக்கக் கேட்கும். எங்கள் வீட்டிலிருந்து எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தோம். ஒத்தடத்துக்கு உப்பு வறுத்துக் கொடுத்தோம். அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்கப் போனபோது மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அதப் பொதைக்காம இருந்திருக்கணும் போலக்கா. எங்கப்பா கொஞ்சமாவது தூங்கியிருப்பாவ" என்றாள். தூக்கி எறியச் சொன்னவள் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் இருந்த அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அடித்தார்களா என்று மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை சிரித்தார். இரண்டாவது தடவை எழுந்து போய்விட்டார். மூன்றாவது தடவை, "உடு புள்ள" என்றார். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.