நாசர் நானாவின் பயமும் படங்களும்

நாசர் நானா அவர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்ததே இல்லை. குரல் பதிவுதான் அனுப்புவார். புதிதாக ஒரு படம் பார்த்தால் நான்கு நிமிடம், புதிதாக ஓர் அல்பம் கேட்டால் ஏழு நிமிடம். ஆகவே கடந்த ஞாயிறு காலை என் கைபேசியில் அவர் பெயர் ஒளிர்ந்து மணி அடித்தபோது, செய்தி நல்லதல்ல என்று எடுக்குமுன்பே புரிந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு நான்கு நாட்கள் ஆகியிருந்தன. இரண்டு முறை மணி அடித்து ஓயவிட்டேன். மூன்றாவது முறை எடுத்தேன்.

“தங்கச்சி, அவர் மௌத்தாகிட்டார்” என்று அவர் இறந்த செய்தியைச் சொன்னார் மறுமுனையில் அவரது மனைவி பரீனா ராத்தா. “உங்களுக்குச் சொல்லச் சொல்லி ஆஸ்பத்திரியில வச்சே சொல்லியிருந்தார். உங்க லேன் ஆக்களுக்கும் சொல்லிருங்க.”

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கண்டிக்கு அருகே மடவளையைச் சேர்ந்த, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று அழைத்த அப்துல் நாசர் அவர்கள் வீடு வீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் வாசிக்கும் ஊழியர். கண்டியிலிருந்து வத்தேகம வரை உள்ள மேடு பள்ளங்களில் அவர் ஏறாத படி கிடையாது. அவர் எந்தப் பத்திரிகையிலும் எழுதியவரல்லர். ஆனாலும் அந்தப் படிகளின் மேலே குடியிருக்கும் எங்களுக்கெல்லாம், எந்தப் படத்துக்குப் போகலாம், எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்று சொன்ன ஒரே விமர்சகர் அவர்தான்.

வத்தேகம வீதிக்கு மேலே மலைச்சரிவில் ஏறும் லேன் ஒன்றின் மேல் வரிசை வீட்டுக்கு நானும் என் கணவர் முரளியும் எட்டு வருடங்களுக்கு முன் குடிவந்தோம். நான் ஓர் அச்சகத்துக்குப் பக்க வடிவமைப்புச் செய்பவள். பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. ஒரு முற்பகல் கொழும்பு ராக் குழு ஒன்றின் அல்பத்தைச் சத்தமாகப் போட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். கேட் தடதடவென்று ஆடியது. வெளியே வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு நாய் கீழே நின்று குரைக்க, குடையும் கையுமாக ஒரு மனிதர் எங்கள் கேட்டின் கம்பியில் ஏறி நிற்கிறார்.

“தங்கச்சி, அந்த நாயப் புடிங்க!” என்று கத்தினார். நான் உள்ளே ஓடத் திரும்பியதும், “பாட்ட நிப்பாட்டிராதீங்க!” என்றார்.

நாய் போன பிறகும் அவர் உடனே இறங்கவில்லை. பாட்டு முடியும்வரை கம்பியிலேயே நின்று கேட்டார். “இந்த அல்பத்துல நாலாவது பாட்டு மட்டும் தேவையில்ல. மத்ததெல்லாம் மிச்சம் நல்லம்” என்று சொல்லிவிட்டு இறங்கி, மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். ‘மிச்சம் நல்லம்’ என்றால் அவர் பேச்சில் மிக நல்லது. நான்காவது பாட்டு தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை எங்கள் கேட்டடியில் விமர்சனம் நடந்தது. படத்தின் பெயர்களை இங்கே நான் எழுதப்போவதில்லை. அவர் ஒரு நட்சத்திரத்தைக் குறை சொல்லி, அந்த நட்சத்திரத்தின் இரசிகர் ஒருவர் இரண்டு மாதம் மீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்ததை நான் அறிவேன். நாயகன் நாற்பது பேரை அடிக்கும் ஒரு படத்தைப் பற்றி, “நாப்பது பேரும் வாறாங்க, ஒருத்தனுக்கும் பயமில்ல. அவனுக்கும் பயமில்ல. பிறகு நான் என்னத்துக்கு அங்க ஈக்கிற?” என்றார். ‘இருக்கிற’ என்பது அவர் வாயில் எப்போதும் ‘ஈக்கிற’தான். ஒரு பேய்ப் படத்தை மட்டும் கொண்டாடித் தீர்த்தார். அதில் பேயையே காட்டவில்லையாம். மாடிப்படியில் ஈரமான கால்தடம் மட்டும் ஒவ்வொரு படியாக வருமாம்.

“கடைசிப் படிக்கு வந்ததும் என்ன நடக்குது நானா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியா. மூணு தரம் போய்ப் பாத்துட்டேன். மூணு தரமும் அந்த இடத்துல கண்ண மூடிட்டேன். ஆனா மிச்சம் நல்லம்!”

அவர் பயந்த மனிதர். அதை மறைத்தவருமல்லர். நாய், மின்னல், லிப்ட், ஆஸ்பத்திரி மணம் எல்லாவற்றுக்கும் பயம். திரையரங்கில் எப்போதும் வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் உட்காருவார். பயம்தான் அவரது அளவுகோலும். “எடுத்தவன் எதுக்காவது பயந்திருக்கணும் தங்கச்சி. காசு போயிருமேன்னு பயந்தா அது படத்துல தெரியும். ஒரு ஆள் செத்துருவானேன்னு பயந்தா அதுவும் தெரியும்” என்பார்.

நாங்கள் சண்டை போட்டதும் உண்டு. எனக்கு உயிரான ஒரு பாடகியின் அல்பத்தை, “ஆஸ்பத்திரித் தரை மாதிரித் துடைச்சு வச்சீக்கி” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம். அடுத்த மாதம் அவர் வந்தபோது நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டேன். சில நாட்கள் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. “தங்கச்சி, ஹெட்போன் போட்டுக் கேட்டேன். ஆறாவது பாட்டுல அந்தப் புள்ள மூச்சு வாங்குறது கேக்குது. பயந்து பயந்து பாடியிருக்கு. நான் பிழையாச் சொல்லிட்டேன்.” தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் விமர்சகர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு அந்த மழை வந்தது.

அதைப் பற்றி இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் காலை மழை சற்றே ஓய்ந்த நேரத்தில், நாசர் நானா தன் பட்டியலோடு லேனுக்கு வந்தார். எங்கள் மீட்டரின் முன் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“உள்ள டெப் ஏதும் தொறந்து ஈக்கா?”

“இல்லையே நானா.”

“நல்லாப் பாருங்க.”

எல்லாக் குழாய்களையும் பார்த்துவிட்டு வந்தேன். எதுவும் திறந்திருக்கவில்லை. அவர் விரலால் காட்டினார். மீட்டரின் கண்ணாடிக்குள் இருந்த சின்னச் சிவப்புச் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையே எங்கோ தண்ணீர் வெளியேறுகிறது என்பதுதான் அதன் பொருள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அப்படியே மேல் வரிசை முழுவதும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவரது உதடுகள் வெளுத்திருந்தன.

“தங்கச்சி, ஒரு வீட்டுல ஓடினா பைப் வெடிச்சிருக்கு. மேல் வரிசையில ஏழு வீட்டுலயும் ஓடுது. மண்ணுக்குள்ள பைப்ப என்னமோ இழுக்குது. நிலம் நகருது.”

முரளி சிரித்துவிட்டார். “நானா, நீங்க பேய்ப் படமா பாத்துப் பாத்து இப்ப மீட்டர்லயும் பேய் தெரியுதா?”

“தெரியுது தம்பி” என்றார் அவர். “நான் சொன்னது பிழையா ஈந்தா நாளைக்கு வந்து என்ன ஏசுங்க. இப்ப வெளிய வாங்க.”

அவர் முகத்தைப் பார்த்ததும் நான் உள்ளே ஓடினேன். வீட்டுப் பத்திரங்கள் இருந்த பையையும் கணினியையும் எடுத்துக்கொண்டேன். முரளி முணுமுணுத்தபடியே கிராம சேவகருக்கு அழைத்து மீட்டர் விஷயத்தைச் சொன்னார். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, முரளியின் சிரிப்பு போய்விட்டது. “எல்லாரும் கீழ பன்சலை மண்டபத்துக்குப் போகட்டாம். இப்பவே போகட்டாம்” என்றார், லேனின் அடியிலிருந்த பௌத்த விகாரையைக் காட்டி. அதற்குள் நாசர் நானா குடையை எங்கேயோ போட்டுவிட்டு, நனைந்தபடி கேட் கேட்டாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டால் குரைக்கும் அந்தப் பக்கத்து வீட்டு நாயும் குரைத்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு வீட்டார் இறங்கிவிட்டோம். லேனின் உச்சியில் தனியாக இருந்த பண்டார மஹத்தயா மட்டும் வரவில்லை. ஓய்வுபெற்ற சிங்களத் தபால் அதிபர், மனைவியை இழந்தவர்; மஹத்தயா என்றால் ஐயா. இந்த வீட்டில் பிறந்தேன், எங்கும் வரமாட்டேன் என்று சிங்களத்தில் சொல்லிக் கதவை அடைத்துக்கொண்டார். முரளி போய்க் கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்தார். மழை மறுபடி வலுத்தது. மேலே மரங்களுக்குள்ளிருந்து பலகை முறிவதுபோலச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. நாசர் நானா அந்தத் திசையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு ஏறத் தொடங்கினார்.

“நானா, வேணாம்!” என்று நான் கத்தினேன். முரளி பின்னாலேயே ஓடினார். அங்கு நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன். நாசர் நானா கதவைத் தட்டி அறிவுரை எதுவும் சொல்லவில்லையாம். வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். “மஹத்தயா, எனக்குப் பயமா ஈக்கி. கால் ரெண்டும் ஆடுது. என்னால தனியா இறங்க ஏலா. என்னைக் கீழ கொண்டுபோய் விடுங்க” என்று சிங்களத்தில் அழுதாராம். சற்று நேரம் பொறுத்துக் கதவு திறந்தது. பயந்துபோன ஒரு மனிதரைப் பத்திரமாகக் கீழே சேர்ப்பதற்காகப் பண்டார மஹத்தயா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மூவரும் மண்டபத்தின் வாசலுக்கு வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது. அந்தச் சத்தம் வந்தது. இடி என்று சொல்ல முடியாது; இடி முடிந்துவிடும், இது முடியவில்லை. தரை வழியாகப் பாதத்துக்கு வந்து பல்லுக்கு ஏறியது. மேல் வரிசையில் ஏழு வீடுகளும் இல்லாமல் போயின. எங்கள் வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், வேரோடு கவிழ்ந்த ஒரு பலாமரமும்தான் இருந்தன. ஏழு வீட்டு மனிதர்களும் மண்டபத்தில் உயிரோடு நின்றோம்.

“எந்த அல்பத்துலயும் இந்தச் சத்தம் இல்ல தங்கச்சி” என்று நாசர் நானா மெல்லச் சொன்னார்.

வீதி அடைபட்டது. மின்சாரம் இல்லை, கைபேசியில் சிக்னல் இல்லை. மடவளையில் பரீனா ராத்தா என்ன ஆனார் என்று தெரியாமல் நாசர் நானா வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தார். மண்டபத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தோம். மழை பெருக்கும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் கூரையைப் பார்ப்போம். அடுத்த நாள் காலை, பண்டார மஹத்தயாதான் அவரைக் கூப்பிட்டு, “மீட்டர் மஹத்தயா, ஒரு படம் சொல்லுங்க. பேய்ப் படம் வேண்டாம்” என்றார்.

சமீபத்தில் வந்த ஒரு கல்யாணக் கலாட்டாப் படத்தை நாசர் நானா சொல்லத் தொடங்கினார். பாதி சிங்களம், பாதி தமிழ். மாப்பிள்ளையாகவும் மாமியாராகவும் பேசினார், பாட்டு வந்த இடத்தில் மேளத்தை வாயால் வாசித்தார். இடைவேளைக்குப் பிறகு படம் மோசம் என்று அவர் சொன்னதும், அதைப் பார்த்திருந்த ஒரு பெண் எழுந்து எதிர்த்துப் பேசினார். வேறு இருவர் சேர்ந்துகொண்டார்கள். வாக்குவாதம் சூடாகிப்போனது. அந்த நேரத்தில் நான் கூரையைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கையைப் பார்த்தேன். பின்னால் கட்டியிருந்த கைகள் கடைசிவரை நடுங்கிக்கொண்டே இருந்தன.

மறுநாள் வீதி திறந்தது. பரீனா ராத்தா பத்திரமாக இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு அடுத்த காலையே நாசர் நானா மண்வெட்டியோடு திரும்பி வந்தார். கீழ் வரிசை வீடுகளுக்குள் முழங்கால் அளவுக்குச் சேறு. மூன்று நாட்கள் அதற்குள் நின்று வாரிப்போட்டார். அப்போதுதான் நான் கேட்டேன்: “நானா, அன்னைக்கு பண்டார மஹத்தயா வாசல்ல நீங்க நடிச்சீங்க தானே?”

“நடிப்பா?” என்றார் அவர், உண்மையாகவே மனம் நொந்து. “எனக்கு நடிக்கத் தெரிஞ்சா நான் ஏன் மத்தவன்ட நடிப்பப் பத்திச் சொல்லிக்கிட்டுத் திரியிற? செத்துருவேன்னுதான் நினைச்சேன்.”

இரண்டு வாரங்கள் கழித்து அவருக்குக் காய்ச்சல். களைப்பு என்று நினைத்து வீட்டிலேயே படுத்திருந்தார். அந்த நாட்களில்தான் எனக்குக் கடைசிக் குரல் பதிவு வந்தது. ஒரு புதிய ராக் அல்பத்தைப் பற்றி இரண்டே நிமிடம். “ட்ரம்ஸ் அடிக்கிறவன் பெரிய ஆள். எங்க அடிக்காம விடணும்னு தெரிஞ்சவன். முழுசாக் கேட்டுட்டு மிச்சத்தச் சொல்றேன்.” கண்கள் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல். சேற்றிலிருந்து வந்தது என்றார்கள். சிறுநீரகங்கள் முதலில் நின்றன.

வார்டில் அவர் மிகவும் பயந்ததாகப் பரீனா ராத்தா என்னிடம் சொன்னார். லிப்டில் ஏற்றும்போது ராத்தாவின் கையை விடவே இல்லையாம். அவர் துணிவோடு போனார் என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். பொய்யான காட்சிகளை அவர் மன்னிக்கவும் மாட்டார். பயந்து பயந்தே அவர் வாழ்ந்தார். அந்தப் பயத்தைக் கூசாமல் எங்கள் கேட்டுகளில் வந்து சொன்னார். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

அந்த ஞாயிறு பிற்பகலே நல்லடக்கம். எங்கள் லேன் முழுவதும் பஸ் பிடித்து மடவளைக்குப் போனோம். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போக, பெண்கள் நாங்கள் அவர் வீட்டில் பரீனா ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சந்தூக்கு எனப்படும் அந்த நீண்ட பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு போனபோது நான் வாசலுக்கு வந்தேன். தொப்பி அணிந்த தலைகளுக்கு நடுவே, வெள்ளைச் சேர்ட்டில் பண்டார மஹத்தயா தெரிந்தார். முன்னால் இருந்தவர் விலகி இடம் கொடுக்க, அவரும் தன் தோளைக் கொடுத்தார். முரளி அவருக்குப் பின்னால் நடந்தார். அந்த நேரம் பார்த்து மழை தூறத் தொடங்கியது. எங்கள் லேன் மனிதர்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, ஒரே நேரத்தில் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சந்தூக்கின் பின்னால் தொடர்ந்து நடந்தார்கள்.

எங்களுக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது நானா. நீங்கள் அமைதியாக உறங்குங்கள்.