கச்சான் பக்கம்

அந்த மூன்று பெட்டையளையும் பிரித்தது நீர்தான். உம்முடைய பெயரைச் சொல்லமாட்டேன், வாசிக்கும்போது உமக்கே காது சுடும். தேசிய கனிஷ்ட ஹொக்கி அணிக்கு முன்வரிசையைத் தெரிவு செய்கிற வேலை எப்படிப்பட்டது என்று, கோயில் நிர்வாகத்துக்கோ கடற்றொழில் சங்கத்துக்கோ ஆள் தெரிவு செய்யப் போய் ஏச்சு வாங்கிய என் சகபாடிகளுக்கு விளங்கும். எடுத்த வீட்டில் நன்றி இல்லை. எடுக்காத வீடு முழுக்கப் பகை.

நான் பழைய வள்ள எஞ்சின் வாங்கி விற்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மாத்தளையில் சொந்தக்காரர் கடையில் சாக்குத் தூக்கப் போனேன். கடைக்கு எதிரில் இருந்த மைதானத்தில்தான் ஹொக்கியும் சிங்களமும் படித்தது. இரண்டையும் அடி வாங்கித்தான் படித்தேன். ஊருக்குத் திரும்பி வேலணையில் பெட்டையளுக்கு மட்டை பிடிக்கக் காட்டிக் கொடுக்கப்போய், கடைசியில் வடக்குக்கென்று தெரிவு மேசையில் ஒரு கதிரை தந்துவிட்டார்கள். தந்தவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

படத்தில் முகம்

கதிரை கிடைத்த செய்தி எனக்கு முன்பே குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்விட்டது. நயினாதீவு அம்மனிடம் போகிற படகில், மடியில் அர்ச்சனைத் தட்டோடு ஒரு அக்கா என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தா. மகளை அணியில் சேர்க்க வேண்டுமாம். பிள்ளை எங்கே விளையாடுகிறா என்று கேட்டேன். இனித்தான் தொடங்க வேண்டும் என்றா. ஓடுவாவா? கொஞ்சம் இழுப்பு இருக்கிறதாம். அப்படியென்றால் பின்னுக்குக் கோலடியில் நிற்கட்டுமே என்று நக்கலாகச் சொன்னேன். அவ அதை நிசமாகவே எடுத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தா.

"பின்னுக்கு விட்டால் படத்தில முகம் தெரியாது, அண்ணை. வெளிநாட்டில இருக்கிற சனமெல்லாம் பாக்கும். அவளை முன்னுக்கே விடுங்கோ."

காற்றின் பெயர்

என்னிடம் இருந்த முன்வரிசை மூன்று பேர். நடுவில் நிரோஜா, இரண்டு கரையிலும் தர்சிகாவும் ஜெனிற்றாவும். சாட்டிக் கடற்கரை மணலில் ஓட விட்டு ஓட விட்டு உரமேறிய கால்கள். எல்லாம் சரி, ஒரே ஒரு சனியன் மட்டும் விடவில்லை. நிரோஜா கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்குகிறவள். அவளுடைய வலம், கோலைப் பார்த்து ஓடி வருகிற மற்ற இருவருக்கும் இடம். ஒருத்தி "வலம்" என்று கத்த, இவள் தன் வலத்துக்குத் தட்டுவாள். பந்து ஆளில்லாத பக்கம் போய் வேலிக்குள் படுத்துக்கொள்ளும். நான் மட்டையை எறிந்து கத்தாத பின்னேரமே இல்லை.

ஒருநாள் பந்து சரியாகப் போனது. அடுத்ததும் போனது. என்ன கத்துகிறார்கள் என்று கிட்டப் போய்க் கேட்டால், "கொண்டல்!" "கச்சான்!" ஜெனிற்றாவின் தகப்பன் ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் திசைக்குக் காற்றின் பெயர்தான் புழக்கம். கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கச்சான். அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள். ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது என்று கேட்டேன். நான் ஏதோ குழந்தைப்பிள்ளைக் கேள்வி கேட்டதுபோலப் பார்த்தாள்.

"இடமும் வலமும் ஆள் திரும்பத் திரும்ப மாறும், மாமா. கச்சான் எப்பவும் அங்காலதான்."

கடல் எங்கால?

கொழும்பில் தெரிவு. பச்சைச் செயற்கைப் புல் மைதானம். மற்ற மாவட்டப் பிள்ளைகள் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்க, என்னுடைய மூன்றும் வாசலில் நின்ற ஓட்டோக்காரரைப் பிடித்து, "அண்ணை, கடல் எங்கால?" என்று கேட்டார்கள். அவர் மேற்கே கையைக் காட்டினார். அவ்வளவுதான், கொண்டலும் கச்சானும் தங்கள் தங்கள் இடத்தில் போய் நின்றன.

நான் மேசையில் என் தொழிலைத் தொடங்கினேன். தெற்குக்காரரின் கோல்காப்பாளருக்கு நான் தலையாட்டுகிறேன், என் மூன்று பேரையும் ஒன்றாக விட்டுப் பாருங்கள். மலைநாட்டுப் பிள்ளை கெட்டிக்காரி, எடுங்கள், ஆனால் என் மூன்றையும் பிரிக்காதீர்கள். ஓட்டத்தில் தர்சிகா பிந்தியதும், பிள்ளைக்கு இரவு முழுக்கக் காய்ச்சல் என்று கூசாமல் ஒரு பொய்யை அடித்துவிட்டேன். அடுத்த சுற்றில் அவள் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து என் மானத்தை வாங்கினாள். குழுவின் தலைவி அம்மா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னா.

"பிள்ளையளைத் தூக்கித் தராசில வைக்காத குறைதான், மாத்தயா. இது சந்தை இல்லை."

மேசையில் சிரிப்பு

ஆனாலும் மூன்று பேரையும் ஒன்றாக விட்டார்கள். எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி எதிர்க்கரைக்குப் போய் நின்றேன். கடல் பக்கம் நின்ற ஜெனிற்றா "கச்சான்!" என்று கத்த, நிரோஜா திரும்பிப் பாராமலே தட்டிவிட, கோல். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது, இப்போது கடல் பக்கம் தர்சிகா. அதே சொல், அதே கோல். தூரத்தில் மேசையில் எல்லோரும் சிரிப்பது தெரிந்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நானும் பல்லைக் காட்டிக் கையசைத்தேன்.

முடிவு வந்தது. நிரோஜா மட்டும். பாய்ந்துபோய்க் கேட்டேன். மூன்று பேருக்கும் கால் நல்லம், கரையில் நிற்கிற இரண்டு பேருக்கும் ஒழுக்கம் இல்லை, தெரிவு நடக்கும்போது நிலக்கடலை கேட்டுக் கத்துகிறார்கள் என்றா தலைவி அம்மா. எங்கள் ஆட்கள் நிலக்கடலையையும் கச்சான் என்றுதான் சொல்வார்கள், உண்மை. ஆனால் அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் எதிர்க்கரையில். என்ன கத்துகிறார்கள் என்று அவ கேட்டபோது, கச்சான் கேக்குதுகள் என்று மொழிபெயர்த்துச் சிரிப்பு வாங்கியவர் நீர்.

அது காற்று என்று விளங்கப்படுத்தினேன். வாயால் ஊதிக்கூடக் காட்டினேன். மேசையில் குத்தினேன். உம்மைத் திரும்பிப் பார்த்தேன். நீர் போனைத் தடவிக்கொண்டு இருந்தீர். பதில் சொன்னது தலைவி அம்மா.

"காலமை காய்ச்சல் எண்டீங்கள். இப்ப காத்து எண்டுறீங்கள். நாளைக்கு என்ன கொண்டுவருவீங்கள், மாத்தயா?"

ஒரு சுருள் கச்சான்

தனியப் போகமாட்டேன் என்று நின்ற நிரோஜாவை நான்தான் ஏசிப் பயிற்சி முகாமுக்கு பஸ் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சாப்பாடு நல்லம், மைதானம் நல்லம், இரண்டு கரையிலும் நல்லாய் விளையாடுகிற பிள்ளைகள். பிறகு வேலணையில் இப்ப என்ன காத்து என்று கேட்பாள். சோளகம் பிடிச்சிட்டுது என்பேன். இவளவை இரண்டு பேரும் வாறவையோ என்று கேட்பாள். வருகினம் என்பேன். ஒருநாள் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள்.

"பழக்கத்தில கச்சான் எண்டு கத்திப்போட்டன், மாமா. வலக்கரைப் பிள்ளைக்கு ஆரோ கதையைச் சொல்லியிருக்கினம். நல்ல பிள்ளை. இடைவேளைக்கு எனக்கொரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு வந்து தந்தவ."

நடுவில் வெளி

வேலணையில் மற்ற இருவரும் பின்னேரங்களில் வருகிறார்கள். நடுவுக்கு வேறு பிள்ளைகளை விட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் சரிவரவில்லை. இப்போது நடுவை வெறுமையாகவே விட்டு விளையாடுகிறார்கள். பந்து அந்த வெளியைக் கடக்கும்போது இரண்டு பேருக்கும் கால் ஒரு கணம் பிந்தும். நான் கத்துவதில்லை. எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு இருக்கிற நேரத்திலும், மூன்று பேரும் தேசியச் சட்டையோடு ஒரே வரிசையில் ஓடுவதை ஒருதரம் பார்த்தால் போதும் என்றுதான் மனம் கிடந்து அடிக்கிறது.

ஜெனிற்றாவுக்குக் கனிஷ்ட வயதெல்லை இந்த வருஷத்தோடு முடிகிறது. அணி போட்டிக்குப் புறப்பட முன் கடைசியாக ஒரு தெரிவு இருக்கிறது. அதற்குக் கூப்பிடுவார்களா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. நேற்று மட்டையின் பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் இதைத்தான் சொன்னாள்.

"இந்தமுறை ஓட்டோ அண்ணையிட்டக் கேக்கத் தேவையில்லை, மாமா. கொழும்பில கடல் எங்கால எண்டு எங்களுக்கு இப்ப தெரியும்."

எஞ்சினுக்கு எஞ்சின் பொய் சேர்த்துப் பேரம் பேசிய என் வாயைத் தலைவி அம்மா இனி நம்பமாட்டா, ஆனபடியால் பகிடிக்குச் சொன்னீரோ தெரியாமல் சொன்னீரோ, ஊர்காவற்றுறைத் தகப்பனுக்குப் பிறந்த நீர் கதிரையை விட்டு எழும்பிப் போய் அவவிடம் அந்த ஒரு சொல்லைத் திருத்திச் சொல்லும்: கச்சான் எண்டால் காத்து.