ஜீப் வந்து நின்ற தெரு

போன மாதம் தேனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் தூக்குவாளி, அதன்மேல் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் படுதா. உட்கார்ந்ததுமே அந்த வாசம் வந்துவிட்டது. பாயசத்தில் வருகிற ஏலக்காய் வாசம் இல்லை இது. பச்சைக்காய், ஈரமண், பூச்சிமருந்து, வியர்வை எல்லாம் கலந்த வாசம். முன்சீட்டுக்காரர் ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டார். எனக்கோ வீடு வந்து சேர்ந்த நிம்மதி. ஏன் என்று சொல்கிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வருசநாட்டுப் பக்கம். கல்லூரியில் இடம் கிடைத்ததோ கம்பத்தில். ஒரே மாவட்டம்தானே என்பீர்கள். எங்கள் ஊரிலிருந்து தேனிக்கு வந்து, பஸ் மாறி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் காலை வகுப்புகள் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே வண்டி மாட்டுவண்டி. கல்லூரியில் பெண்கள் விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் படித்து முடித்த பிறகு திறந்ததாகக் கேள்வி. நன்றாக இருக்கட்டும்.

அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். “பயமில்லாத எடமா, சத்தமில்லாத எடமா ஒரு வீடு கெடச்சாப் படி. இல்லேன்னா பேசாம வீட்டுல இரு.” வீட்டில் இருப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாமன் மகன் தயாராக இருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அப்போது வேதியியல் மேல்தான் ஆசை.

கம்பம் முழுக்க வீடு தேடினோம். ஒரு வீட்டுக்குக் கீழே வாழைக்காய் மண்டி. விடியுமுன்பே லாரி வந்துவிடும். இன்னொரு வீட்டின் பின்சுவர் கல்யாண மண்டபத்தின் முன்சுவர். மூன்றாவது வீடு எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மோர் கொடுத்தார்கள். மோரைக் குடிக்கும்போதே வீட்டுக்காரருடைய மகன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

கடைசியில் ஊருக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த இடத்தில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மாடி அறை அமைந்தது. மொசைக் தரை, தனி வாசல், சுற்றிலும் வெட்டவெளி. காற்று பிய்த்துக்கொண்டு போகும். “காக்கா கத்துனாத்தான் இங்கன சத்தம்” என்று அவர் பெருமையாகச் சொன்னார். அப்பாவுக்கு அந்த இடத்திலேயே மனசு நிறைந்துவிட்டது. நாங்கள் அங்கே போனது பட்டப்பகலில். அந்தத் தப்பை எங்களைப் போன்ற காட்டுக்காரர்கள்தான் செய்வார்கள். நிலம் வாங்கப் போனால் மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை பார்க்கிற என் அப்பா, வீட்டை வெளிச்சத்தில் மட்டும் பார்த்தார்.

மெயின்ரோட்டில் பஸ் இறங்கி அந்த வீட்டுக்குப் போக நடை கொஞ்சம் தூரம். இரண்டு பக்கமும் மனைக்கல்லும் கருவேல முள்ளும்தான். ஆய்வக வகுப்பு முடிந்து வந்தால், கார்த்திகையில் இறங்கும்போதே இருட்டிவிடும். ஒருநாள் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தது. இரண்டு பேர். முந்தவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து கிடக்க, வாசல் வரைக்கும் வந்தார்கள். மறுநாளும் அப்படியே.

யாரிடம் சொல்ல? அதிகாரியிடம் சொன்னால் அப்பாவுக்குப் போகும். அப்பாவுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் பெட்டியோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். பயத்தைவிடப் படிப்பு போய்விடும் என்கிற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் பஸ் இறங்கியபோது, பாதை முனையிலேயே அந்த வண்டி நின்றது. நான் டீக்கடை வெளிச்சத்தில் நின்றுகொண்டேன். அப்போதுதான் மலையிலிருந்து வந்த ஜீப் டீக்காக அங்கே நின்றது. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி வருகிற ஜீப். அதற்குள் இத்தனை பேர் எப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களோ, இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, பேச்சியம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏத்தா, யாருக்கு நிக்கிற?”

“பிரண்டு வருது.”

அவள் போய்விட்டாள். மறுநாளும் நான் அங்கேதான் நின்றேன். அவளும் வந்தாள். “அந்தப் பிரண்டு நாளைக்காச்சும் வருமா?” என்று கேட்டுவிட்டு, என் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். பின்னால் திரும்பி, “ஏ, வாங்கடி” என்று ஒரு குரல்தான் கொடுத்தாள். தூக்குவாளியும் படுதாவும், முதலில் சொன்னேனே அந்த வாசமுமாக நாலைந்து பேர் என்னை நடுவில் விட்டு நடந்தார்கள். வண்டி பக்கம் வந்ததும் பேச்சியம்மாள் நின்றாள்.

“ஏலே, எண்ணெ தீந்துருச்சா? நாங்க வேணா தள்ளிவிடவா?”

அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்த வண்டியை நான் பார்க்கவே இல்லை. அப்படியும் அந்த வாரம் முழுக்க என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். விடியுமுன் எழுந்து, மலையேறி, நாளெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் வீடு இதற்கு நேர் எதிர்த் திசை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

“தெனம் ஒன்னையக் கொண்டாந்து விட்டுட்டு நாங்க எப்பச் சோறாக்குறது?” என்று பேச்சியம்மாளே ஒருநாள் கேட்டாள். “எங்க வீட்டுல பின்னறை சும்மாதான் கெடக்கு. வந்துரு.”

அம்மாவை வரச் சொன்னேன். அவள் வந்தது உச்சிவெயிலில். ஊரே ஜீப்புத் தெரு என்று சொல்லும் அந்தத் தெருவில் அப்போது எல்லா வீட்டிலும் பூட்டு. நாலு கோழிகள்தான் மேய்ந்தன. “என்னடி, ஒரு சனத்தையும் காணோம்?” என்று முகத்தைச் சுளித்தாள். சாயங்காலம் வரை இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஜீப்புகள் வந்தன. தெருவில் கால் வைக்க இடமில்லை. வாசலுக்கு வாசல் தண்ணீர்ச் சத்தம், அடுப்புப் புகை, வசவு, சிரிப்பு. அம்மாவைக் கடந்து போனவர்கள் ஒருத்தி விடாமல் நின்று, “எந்த ஊரு? யாரு வீட்டுக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். பதில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்திருக்கும்.

“அம்புட்டு நல்ல வீட்ட விட்டுட்டு எதுக்கு மதினி இவ இங்கன வாரேங்குறா?” என்று அம்மா கேட்டாள்.

எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. பேச்சியம்மாள் காலைக் கழுவிக்கொண்டே, “அங்கன தண்ணி ஒரே உப்பாம் மதினி. பிள்ளைக்கு முடி கொட்டுதாம்” என்றாள்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “அந்த வீட்டுத் தண்ணிய நானுந்தான் குடிச்சேன். கல்கண்டா இருந்துச்சு. ஒங்கய்யாகிட்ட உப்புத்தண்ணின்னே சொல்லிர்றேன். நீ இங்கனயே இருந்து படி.”

அன்றிலிருந்து பேச்சியம்மாள் எனக்கு அத்தை. படிக்க அதைவிடத் தோதான தெருவை நான் கண்டதில்லை. பகலில் ஆளே இருக்காது. இரவு எட்டு மணிக்குத் தெருவே உறங்கிவிடும். விடியுமுன் ஜீப் ஹாரன் என்னை எழுப்பிவிடும். அத்தை சோறாக்குவாள், நான் சமன்பாடுகளை மனப்பாடம் செய்வேன். “இத்தன வெள்ளன எந்திரிக்கிறியே, நீயும் மலைக்கு வாரியா?” என்று கிண்டல் செய்வாள். எனக்குக் குழம்பு ஊற்றும்போது, போதுமா என்பதைத் தோட்டத்தில் பழகிய மலையாளத்தில், “மதியா?” என்பாள். நான் “மதி, மதி” என்று தட்டைக் கையால் மறைத்தாலும் கரண்டி நிற்காது. தேர்வு முடிவு வந்த அன்று அவர்கள் எல்லோரும் முதல் வகுப்பில் தேறிய மாதிரிதான் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். உண்மையில் நான் இரண்டாம் வகுப்பு. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தை இறந்து சில வருசங்கள் ஆகிவிட்டன. போன வருசம் என் தங்கச்சி மகளுக்குக் கம்பத்தில் அறை தேட வேண்டி வந்தபோது, வேறு எங்கேயும் போகாமல் அவளை நேரே அந்தத் தெருவுக்குத்தான் கூட்டிப்போனேன். வேண்டுமென்றே ஜீப் வருகிற நேரமாகப் பார்த்துப் போனேன். ஜீப் இப்போது பைபாஸ் பக்கத்தில் நின்றுவிடுகிறதாம். இந்தத் தெருவிலிருந்து மலைக்குப் போகிறவர்களே இல்லையாம். தோட்டத்திலேயே தங்கி வேலை செய்ய வடக்கேயிருந்து ஆட்கள் வந்துவிட்டார்களாம். இங்கே இருந்த சின்னப் பெண்களை மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறதாம். வீடுகளெல்லாம் மாடி வைத்து, டைல்ஸ் ஒட்டி, இரும்புக் கேட் போட்டிருந்தன. கேட்டுக்குக் கேட் கேமரா. நாங்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தோம். ஒருவரும் எங்களை எந்த ஊர் என்று கேட்கவில்லை.

“நல்லா அமைதியா இருக்குல்ல பெரியம்மா? இங்கனயே பாத்துருவோம்” என்றாள் பிள்ளை.

மணி ஆறு இருக்கும். அந்த நேரத்தில் அந்தத் தெரு ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை.