சிஸ்டர் மூடிய பெட்டி

சிஸ்டர் முதன்முதலாக எங்கள் மேல்மாடிக்கு ஏறி வந்தபோது அவர் கையில் மலசலகூடத் தொட்டியின் மிதவை ஒன்று இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பந்தும் அதோடு வளைந்த பித்தளைக் கம்பியும். சனிக்கிழமைப் பின்னேரம். சாம்பல் நிற அங்கி முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தார். கீழே இருந்த துணிக்கடைக்கு வந்தவர் வழிதவறிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை. கம்பிகளும் திருகாணிகளும் சிதறிக் கிடந்த மேசையில் மிதவையை வைத்துவிட்டு, “இது மேல எழும்பினா ஒரு மணி அடிக்க வேணும். செய்ய ஏலுமா, தங்கச்சி?” என்று கேட்டார். யார், எங்கிருந்து என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது அந்த மேல்மாடி. வெளியாட்களுக்கு அது ‘ஹக்கர்ஸ்பேஸ்’. யாரும் வந்து எதையும் கழற்றிப் பார்க்கலாம், புதிதாக ஒன்றைச் செய்யலாம், குறடு, திருப்புளி என்று வேலைக்கான ஆயுதங்கள் எல்லோருக்கும் பொது. தொலைபேசிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து விலகிய சிங்களவர் ஒருவர் அதை நடத்தினார். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘அய்யே’, சிங்களத்தில் அண்ணன். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. புதிதாக வாங்கிய திருகாணி மறு மாதமே சிவந்துபோகும். ரயில் போகும்போது மேசை அதிரும், ஈயம் உருக்கிக்கொண்டிருக்கிறவர்கள் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆட்கள் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குப் பிரியாவிடை நடக்கும், அவர் விட்டுப்போன குறடும் திருப்புளியும் சுவரில் தொங்கும். நானும் கனடாவுக்கு விண்ணப்பித்திருந்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வாடகை வீடு. எதையும் நிலையாக வாங்காமல், எங்கும் நிலையாக இருக்காமல், மணிக்கு நாலு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டு வாழ்ந்தேன்.

சிஸ்டருக்கு மணி தேவைப்பட்டது முகத்துவாரத்தில் ஒரு தோட்டத்துக்கு. கொழும்பில் தோட்டம் என்றால் ஏழைகளின் குடியிருப்பு; இது கால்வாய் ஓரம் நெருக்கியடித்துக் கட்டிய முப்பது வீடுகள். முந்தைய மழையில், பெரியவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், கால்வாய் சத்தமில்லாமல் ஏறி வீடுகளுக்குள் வந்துவிட்டது. அங்கே இடியப்பம் அவித்து விற்கும் ஒரு அக்காவின் புருசன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் கிடந்தார். அக்கா கடைகளுக்கு இடியப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது தண்ணீர் பாயைத் தாண்டி அவருடைய காதுவரைக்கும் வந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. இதைச் சொல்லும்போதும் சிஸ்டர் கதிரையில் இருக்கவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் இடையில் நடந்துகொண்டே சொன்னார்.

அவர் அப்படித்தான். சும்மா இருக்க ஏலாத மனுசி. ஈயம் பற்றவைக்கப் பழகிய முதல் நாளே இரண்டு விரலில் சுட்டுக்கொண்டார். மூன்றாம் கிழமை எங்களில் பலரைவிடச் சுத்தமாகப் பற்றவைத்தார். ஏதாவது காயக் காத்திருக்க வேண்டுமென்றால் அடுத்தவருடைய மேசையைத் துடைப்பார், கலந்து கிடந்த ஆணிகளை அளவு அளவாகப் பிரிப்பார். அய்யேயுடன் சிங்களத்தில் வாதாடி, மின்கலம் எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போடுவார். நான்தான் புரோகிராம் எழுதினேன். நீர் உயர்ந்தால் மிதவை எழும்பும். எழும்பினால் தோட்டத்துப் பொது மண்டபத்தின் கூரையில் வைத்த சைரன் ஒலிக்கும், எங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் செய்தி வரும். சும்மா ஒரு அலைக்கெல்லாம் அது கத்தக்கூடாது என்பதற்காக, மிதவை ஐந்து நிமிடம் விடாமல் உயர்ந்தே நின்றால்தான் சைரன் ஒலிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

அந்த ஐந்து நிமிடம் எங்கள் இரண்டு பேருக்குமே பெரிய பாடாக இருந்தது. வாளித் தண்ணீரில் மிதவையை விட்டு ஒவ்வொரு தடவையும் சோதிக்கும்போது ஐந்து நிமிடம் சைரனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பின்னேரம் சிஸ்டர் தேத்தண்ணி வைக்கப் போயிருந்தபோது, நான் அந்த ஐந்து நிமிடத்தை ஐந்து செக்கனாக மாற்றினேன். சோதனை சட்டென்று முடிந்தது. திரும்பவும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, இன்னும் இரண்டு பத்திரம் அனுப்பச் சொல்லி. நான் கணினியை மூடிவிட்டுப் பத்திரம் தேட வீட்டுக்கு ஓடினேன். அந்தக் கிழமையே சிஸ்டர் கருவி வைத்த பெட்டியை மூடி, ஈரம் போகாதபடி விளிம்பெல்லாம் பசை பூசினார். நாங்கள் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய் மதகடியில் பூட்டினோம். தோட்டத்துச் சனம் எங்களுக்குக் குளிர்பானம் தந்தது.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில் சைரன் அலறியது. கால்வாயில் பாசி அள்ளும் இயந்திரப் படகு அந்த வழியால் போயிருக்கிறது. அது எழுப்பிய அலை மிதவையைத் தூக்கிச் சில செக்கன் வைத்திருக்கப் போதுமானதாக இருந்தது. சனம் பிள்ளைகளையும் அரிசி மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு மண்டப மாடிக்கு ஓடியது. இடியப்ப அக்கா அடுப்பில் கொதிக்கும் தண்ணீரோடு இருந்தவர். வானத்தை எட்டிப் பார்க்கவில்லை. நேரே புருசனிடம் ஓடி, கமுக்கட்டுக்குள் கைகொடுத்து இழுத்திருக்கிறார். பின்பக்கமாக இழுத்து வந்தவரின் கால் அடுப்பில் தட்டுப்பட்டுப் பானை கவிழ்ந்தது. அக்காவின் கால் முழங்காலிலிருந்து பாதம்வரை வெந்துபோனது. பின்னேரமே தோட்டத்து ஆட்கள் கூரையில் ஏறிச் சைரனின் வயர்களைப் பிடுங்கி எறிந்தார்கள்.

செய்தி கேட்டதும் நான் மேல்மாடிக்குப் போய் கணினியைத் திறந்தேன். தேடவே தேவையில்லாமல், முந்நூறு செக்கன் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து என்ற அந்த இலக்கம் முன்னாலே நின்றது. திருத்தினேன். திருத்தியதைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது சிஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து படியேறினார். என்ன பிழை என்று தெரிந்ததா என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பாமல், “பெட்டிக்குள்ள ஈரம் போயிருக்கும் போல, சிஸ்டர்” என்றேன். அந்த வசனத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாகவே வாயில் வந்தது. இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்வது அதுதான், அவ்வளவு சுலபமாக வந்ததே என்று. பெட்டியை மூடியது அவர். ஒரு கணம் தன்னுடைய விரல்களைப் பார்த்தார். எங்களிடம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. எதையாவது பழுதாக்கியவர் தன் பெயரோடு அதில் எழுதிவிட வேண்டும் என்பது அய்யேயின் ஒரே சட்டம். சிஸ்டர் போய், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவதுபோல வட்டமான எழுத்தில் எழுதினார்: முகத்துவாரம் மணி. பெட்டியைச் சரியாக மூடவில்லை. சிஸ்டர்.

நான் அப்போது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அதன் பிறகு மூன்று கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் சிஸ்டர் முகத்துவாரத்துக்கு நடந்து போய் அக்காவின் காலுக்கு மருந்து கட்டினார். முப்பது வீட்டுக்கும் வாசல் வாசலாகப் போய் மன்னிப்புக் கேட்டார். சிலர் கதவைச் சாத்தினார்களாம். இதையெல்லாம் எனக்கு அய்யே சொன்னார், சிஸ்டர் சொல்லவில்லை. நான் அலுவலகத்தில் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் தவித்தேன். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடற்கரை ரயில் பாதையோரம் பம்பலப்பிட்டி வரைக்கும் நடப்பேன், திரும்பி வருவேன். சொல்லிவிடலாம் என்று மேல்மாடிக்குப் போவேன். அங்கே பலகையில் அந்த எழுத்து இருக்கும். அதைப் பார்த்ததும் திரும்பிப் படியிறங்கிவிடுவேன். கடைசியில் சிஸ்டரின் பேச்சுக்கு இணங்கி, தோட்டத்தார் சைரனைத் திரும்பப் பூட்டச் சம்மதித்தார்கள். நான் திருத்திய புரோகிராமை ஏற்றிய புதிய பெட்டிக்கு அவர் மூன்று தரம் பசை பூசினார். அவர் பூசப் பூச நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து அவருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. மன்னார்ப் பக்கம், மடத்தோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடம். இரண்டு நாளில் போக வேண்டும். அந்தச் சம்பவத்துக்கும் இதற்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்க எனக்குத் தைரியமும் இருக்கவில்லை. விடைபெற வந்தவர் படியிறங்கும்போது நானும் பின்னாலே இறங்கினேன். பாதிப் படியில் நின்று, ஈரம் அல்ல, என்னுடைய இலக்கம்தான் பிழை, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். சிஸ்டர் ஒரு படி கீழே நின்றார். என்னை அணைத்துக்கொள்வார், ஆறுதல் சொல்வார் என்று உள்ளே எங்கோ எதிர்பார்த்திருக்கிறேன் போலும். அவர் முகம் கல்லாகிவிட்டது.

“மூண்டு கிழமை அந்தப் புண்ணுக்கு நான் மருந்து கட்டினனான். ஒவ்வொரு நாளும் இது என்ர கை செய்த வேலை எண்டு நினைச்சுத்தான் கட்டினனான்,” என்றார். குரல் உயரவே இல்லை. “இப்ப என்னட்ட வந்து சொல்லி என்ன? எனக்கா சுட்டது?”

திரும்பிப் பார்க்காமல் காலி வீதிப் பக்கம் நடந்து போனார். பேருந்து வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும்வரைக்கும் நான் துணிக்கடை வாசலிலேயே நின்றேன்.

முகத்துவாரத்துக்குப் போக எனக்கு இன்னும் ஐந்து கிழமை பிடித்தது. இரண்டு தடவை பேருந்தில் ஏறி, கொட்டாஞ்சேனையிலேயே இறங்கித் திரும்பி வந்தேன். மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். வெந்த காலின் தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. உள்ளே புருசன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பிழிவதை நிறுத்தவில்லை. தட்டு முழுக்கப் பிழிந்து முடித்து, அவிக்கிற நீத்துப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“அப்ப சிஸ்டர் மேல பிழை இல்லையா?”

இல்லை என்றேன்.

“நான் அவங்களுக்கு வாய்க்கு வந்தபடியெல்லாம் ஏசினேன்,” என்றார். “கால் எரியுற நேரம், சாமியாரம்மா எண்டும் பாக்கல்ல. குனிஞ்சு கட்டிக்கிட்டே இருந்தாங்க.”

மாவுக் கையோடு கைத்தொலைபேசியை எடுத்து, அந்த இடத்திலேயே சிஸ்டருக்கு அழைத்தார். “சிஸ்டர், நான் முகத்துவாரத்திலருந்து,” என்று தொடங்கி, தான் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, கதைக்கிறாயா என்று சைகையால் கேட்டார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். எனக்கு அக்கா மன்னிப்பு என்று எதுவும் தரவில்லை. நான் புறப்படும்போது, அந்த மெஷினை மாதம் ஒருதரமாவது வந்து பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன். கனடா ஒரு தரம் மறுத்துவிட்டது, இன்னொரு தரம் விண்ணப்பித்திருக்கிறேன். மேல்மாடியில் இப்போது ஆட்களைவிடச் சுவரில் தொங்கும் ஆயுதங்கள் அதிகம். அய்யே மட்டும் விடாமல் திறந்து வைத்திருக்கிறார்.

சென்ற மழையின்போது, ஒரு வேலைநாள் காலை பத்து மணியளவில், அலுவலகத்தில் என் கைத்தொலைபேசி அதிர்ந்தது. நீர் உயர்கிறது என்று செய்தி. மிதவையின் அளவுகளைத் திறந்தேன். ஐந்து நிமிடம் முழுதாக நின்றிருந்தது, ஆறாவது நிமிடமும் மிதவை இறங்கவில்லை. அதற்குள் அக்கா அழைத்தார். பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, மணி அடிக்குது. முத்தத்துல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. இங்க எல்லாரும் என் முகத்தைப் பாக்குறாங்க. இது உண்மையா?”

திரையை இன்னொரு தரம் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவ்வளவு பயந்ததில்லை.

“ஓம் அக்கா. உண்மை. ஏறுங்க.”

“நீ சொன்னாச் சரி,” என்று வைத்துவிட்டார்.

நான்கு பேர் ஒரு கதவுப் பலகையில் அவருடைய புருசனைக் கிடத்தி மண்டப மாடிக்குத் தூக்கிப் போனார்களாம். ஒரு மணித்தியாலம் கழியுமுன் அவர்களுடைய வீட்டில் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு நின்றது. அந்த நேரம் அவர் மாடியில் சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, கீழே மிதந்துபோகும் பொருட்களில் எது யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பின்னேரம் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் படிக்குப் பிறகு முதல் தரம். செய்தி போகும் பட்டியலில் சிஸ்டரின் இலக்கம்தான் முதலாவது. அவர் மன்னாருக்குப் போன பிறகும் அதைப் பட்டியலிலிருந்து யாரும் நீக்கவில்லை. யார் தூக்கினது, படி வழுக்கியதா, அக்காவின் கால் ஈரத்தில் நின்றதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். ஏறுவதற்கு முன் அக்கா எனக்கு அழைத்துக் கேட்டதையும் சொன்னேன். அவர் நடந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது, சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது.

“உன்னட்டயா கேட்டவ?”

“ஓம், சிஸ்டர்.”

“என்னட்டக் கேக்கேல்ல,” என்றார். செருப்புச் சத்தம் நின்றது. “அது சரிதான். இப்ப அந்த மணியைப் பாக்கிறது நீதானே.”

பிறகு, பிள்ளைகள் பின்னேர வகுப்பில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.