அருவியில் பிரிந்த தையல்

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு சாரல் சீசனில், நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து வீட்டிலேயே நைட்டி தைத்துக் குற்றாலத்தில் விற்றோம். எல்லோருக்கும் மேலகரத்தில் ஒரே தெரு. பக்கத்து முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது, அங்கே மெத்தைகளெல்லாம் ஈரம் ஏறி நாற்றம் அடித்தன. புதிதாக வாங்கிக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டே வாங்கியிருக்கலாம். உழைத்துக் கொடுத்தோம் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதனால் நைட்டி யோசனையும் என்னுடையதுதான்.

நான் சுமாராகத் தைப்பேன். எதிர்வீட்டு மதினி நன்றாகத் தைப்பாள். ஆனால் அவள் நிதானம். ஒரு நைட்டிக்கு அரை நாள் எடுத்துக்கொள்வாள், ஓரங்களில் இரட்டைத் தையல் போடுவாள். சனிக்கிழமைக்குள் நாற்பது வேண்டும் என்று நான் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை நூல் தீர்ந்துபோனது. தென்காசிக்குப் போய்வரச் சோம்பல்பட்டு, பரணில் கிடந்த பழைய நூல்கண்டை எடுத்துக்கொண்டேன். விரலில் சுற்றிச் சுண்டினால் பட்டென்று அறுந்தது. அதை நான் சுண்டிப் பார்த்தேன் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு, சீக்கிரம் முடிய மிஷினில் தையலைப் பெரிசாக வைத்து, அந்த நூலிலேயே பதினோரு நைட்டி தைத்து முடித்தேன்.

மெயின் அருவிக்குப் போகிற வழியில், தெரிந்தவர் லாட்ஜ் வாசலில் மேஜை போட்டோம். ‘ஆதரவற்ற முதியோர்க்காக, எங்கள் கைகளால் தைத்தது’ என்று பெரிய எழுத்தில் தட்டி. அருவியில் நல்ல தண்ணீர், கூட்டமும் நல்ல கூட்டம். பதினோரு மணி வாக்கில் ஒரு குடும்பம் வேனிலிருந்து இறங்கியது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வந்து தட்டியை வாய்விட்டுப் படித்தாள். அவள் விரல் நுனிகளில் பீடி சுற்றுகிறவர்களுக்கு ஏறும் பழுப்பு இருந்தது. அருவியில் போட்டுக் குளிக்க, நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட நைட்டியை எடுத்தாள். அவள் நாத்தனார் விலை கேட்டுக் குறைக்கச் சொன்னாள்.

“தர்மத்துக்கு விக்கிறாவ, இதுல போயி பேரம் பேசுதியளே மைனி” என்று அவளை அடக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அச்சன்புதூர்ல இருந்து வந்திருக்கோம்க்கா. பஸ் ஸ்டாப்புல பஞ்சர் கடை எங்களதுதான். அந்தப் பக்கம் வந்தா வாங்க.”

அது நான் தைத்தது. எடுத்துக் கொடுக்கும்போதே தெரியும்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். தலை சொட்டச் சொட்ட, தோளிலிருந்து இடுப்புவரை துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தாள். மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

“யக்கா, தண்ணி விழுந்ததும் அக்குள்ல இருந்து பக்கவாட்டுல முச்சூடும் பிரிஞ்சிட்டு. அத்தன பொம்பளைய நிக்காவ. வேற ஒண்ணு மாத்தித் தாங்களேன்.”

ஒன்று எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். எனக்குப் பதறிவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“அருவி வேகத்துக்கு எந்தத் துணிதான் நிக்கும்? நாங்க என்ன லாபத்துக்கா விக்கோம்? வயசானவங்களுக்குக் குடுக்கிற காசு இது. இதுல போயி கொற சொல்லலாமா?”

அவள் முகம் சுருங்கிப்போனது. “கொற சொல்லலக்கா. தெரியாமக் கேட்டுட்டேன்” என்றாள். துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். நாத்தனார் அவளை ஏதோ கேட்க, தலையை மட்டும் ஆட்டினாள். எதிர்வீட்டு மதினி என்னைப் பார்த்தாள். நான் துணிகளை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் மீதியிருந்தவற்றில் நான் தைத்தவற்றை மட்டும் பொறுக்கி, ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஐந்திலும் தையல் கையோடு வந்தது. விற்றுப்போன மற்ற ஐந்து யாரிடம் போனதோ தெரியாது. மெத்தைகள் வாங்கிக் கொடுத்தோம். முதியோர் இல்லத்தில் எங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். என் முறை வந்தபோது நான் ஒழுங்காக நிமிரக்கூட இல்லை. அடக்கமானவள் என்று யாரோ மைக்கில் பாராட்டினார்கள்.

பத்து நாள் கழித்துத்தான் அச்சன்புதூர் போகத் தைரியம் வந்தது. மதினி தைத்த நைட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பஞ்சர் கடைக்காரர் கையைக் காட்டிய வீட்டில், முறத்தை மடியில் வைத்து அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டு, எழுந்து நாற்காலி போட்டாள். உள்ளே காப்பி போடச் சொல்லிவிட்டு மறுபடி முறத்தோடு உட்கார்ந்தாள். பிரிந்ததற்குப் பதில் வேறு நைட்டி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னேன்.

“அன்னைக்கு உள்ளத நானே ஊசில தச்சிட்டேன்க்கா. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய?”

அதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷி என்ற பெயரோடு திரும்பியிருப்பேன். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். “நூல் மட்டம்னு தைக்கும்போதே எனக்குத் தெரியும்மா.”

அவள் கை நின்றது. முறத்தை இறக்கிக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சேவாக்கா அத்தன பேரு முன்னால அப்பிடிப் பேசுனிய?” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நான்தான் பாவத்தச் செஞ்சிட்டமோன்னு வீட்டுக்கு வந்து ரெண்டு நாளா நெனச்சிட்டுக் கெடந்தேன். தர்மத்துல போயி கொற சொன்னியேன்னு எங்க மைனி இன்னமும் சொல்லிக் காட்டுதாவ.”

மன்னித்துக்கொள் என்றேன். கொண்டுபோன பையை நீட்டினேன். வாங்கவில்லை. “அதயும் வித்து ஆருக்காது குடுங்க” என்றாள். காப்பி வந்தது. அதைக் குடிக்காமல் எழுந்தால் இன்னும் அவமானப்படுத்தினதாகும் என்று சூட்டோடு குடித்து முடித்தேன்.

நாத்தனாரிடமும் உண்மையைச் சொல்ல, அவள் வீடு எங்கே என்று கேட்டேன். “வேண்டாம்க்கா, நானே சொல்லிக்கிடுதேன்” என்றாள். அவள் சொன்னாளா, அந்த அம்மாள் நம்பினாளா என்று தெரியாது. மறுபடி அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. தெருப் பெண்கள் இப்போதும் ஒவ்வொரு சீசனுக்கும் தைக்கிறார்கள். நான் துணி வெட்டிக் கொடுப்பதோடு சரி. விற்பனை மேஜையில் உட்கார வா என்று மதினி இதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை.