சண்டிக்கட்டுக்குள் அடங்கிய போன்

பெரியதுதான் நல்லது என்று முதன்முதலில் சொன்னவரை ஒரு நாள் எங்கள் வாய்க்காலுக்குள் இறக்கிவிட வேண்டும். முழங்காலளவு தண்ணீர், காலுக்குக் கீழே சேறு, இடுப்பில் சாரம், கையில் மண்வெட்டி. அப்படி நின்றபடி, உள்ளங்கையைத் தாண்டி நீளுகிற அந்தக் கண்ணாடிப் பலகையில் ஒரேயொரு சொல்லைத் தட்டி அனுப்பட்டும். அதற்குப் பிறகு கதைப்போம்.

நான் உருத்திரபுரத்துப் பக்கம் வயல் செய்கிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு. ஆட்கள் கதைக்கிறதைக் கேட்டுக் கேட்டுத்தான் மிச்சத்தைப் பழகினேன். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதி வைப்பேன். எனக்கு இடது கை மணிக்கட்டோடு இல்லை. அது போன கதையை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்பதுமில்லை. கேட்டால் தங்கள் கதையையும் சொல்ல வேண்டி வரும்.

ஒரு கையால் எல்லாம் பழகிவிட்டேன். சாரத்தின் ஒரு பக்கத்தைக் குட்டைக் கையால் இடுப்போடு அமத்திப் பிடித்து, மற்றப் பக்கத்தை வலது கையால் இழுத்துச் செருகுவேன். வயலுக்குள் இறங்கும்போது அதையே முழங்காலுக்கு மேலே மடித்து, சண்டிக்கட்டாகக் கட்டுவேன். அந்தக் கட்டுக்குள்தான் வெற்றிலை, நெருப்புப்பெட்டி, போன் எல்லாம். எங்கள் ஆட்களுக்குச் சட்டைப் பை வீதிக்கு, சண்டிக்கட்டு வயலுக்கு.

என்னிடம் ஒரு சின்னப் போன் இருந்தது. சின்னது என்றால் குளிக்கிற சவர்க்காரக் கட்டி ஒன்றின் அளவு. ஆனால் பெரிய போன் செய்கிற எல்லாவற்றையும் அது செய்யும். முக்கியமான சங்கதி, அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு அதே கையின் பெருவிரலால் நாலு மூலையையும் தொடலாம். பிடிக்க ஒரு கை, தட்ட ஒரு கை என்று அது கேட்டதில்லை. என் மனிசி சொல்லுவா, "கலியாணம் கட்டின நாளிலையிருந்து உங்கடை கைக்குள்ளை முழுசா அடங்கினது இது ஒண்டுதான்" என்று. அதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் போன் எனக்கு ஏன் அவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டும். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஆறு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வயலுக்கும் இத்தனை மணித்தியாலம் என்று கணக்கு. முன்பு வாய்க்காலுக்குப் பொறுப்பானவர் சைக்கிளில் வந்து, வரம்பில் காலை ஊன்றிக்கொண்டு, "அடுத்தது நீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். இப்போது போனில் குறூப். தண்ணீர் திறந்தவுடன் செய்தி வரும். அரை மணித்தியாலத்துக்குள் நாங்கள் 'ஓம்' என்று பதில் போட வேண்டும். போடாவிட்டால் முறை அடுத்த வயலுக்குப் போய்விடும். ஆள் இல்லாத வயலுக்குள் தண்ணீர் போய் வீணாகக் கூடாது என்பதற்காக வைத்த சட்டம். வைக்கும்போது நானும் கை உயர்த்தினேன். சின்னப் போன் இருந்த காலம் முழுக்க ஒரு முறைகூட எனக்குத் தவறியதில்லை. சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும். குறூப்புக்கென்று மனிசி வைத்துத் தந்த சத்தம் அது. கட்டுக்குள் விரல் போகும், போன் வரும், பெருவிரல் 'ஓம்' போடும், போன் திரும்பக் கட்டுக்குள் போகும். மண்வெட்டியைக் கீழே வைத்ததேயில்லை.

இந்தச் சிறுபோகத்தில் பயிர் குடலை கட்டி, கதிர் தண்டுக்குள் திரளுகிற நேரம் பார்த்து அதன் பற்றறி வீங்கியது. பின் மூடி பொரித்த அப்பளம்போல எழும்பி நின்றது.

கிளிநொச்சியில் மூன்று கடை ஏறினேன். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் பாரை மீன் அடுக்கினமாதிரிப் போன்கள். மூன்றாவது கடைக்காரர் நல்ல சிரித்த முகம். சின்னன் இப்போது வருவதில்லை, ஆட்கள் படம் பார்க்கத்தானே வாங்குகிறார்கள் என்றார். நான் தண்ணீர் பாய்ச்ச வாங்குகிறேன் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு, அவ்வளவு சின்னன்தான் வேண்டுமென்றால் இது இருக்கிறது என்று ஒரு பட்டன் போனை எடுத்து வைத்தார். அதில் குறூப் வராது.

"அப்ப சின்னனுக்கு மூளை இருக்கப்படாதோ?" என்று கேட்டேன்.

"அப்பிடித்தான் அண்ணை செய்யிறாங்கள்" என்றார்.

யார் செய்கிறார்கள்? அவர்களுடைய ஊரில் ஒரு கைக்காரர் இல்லையா? சின்னக் கைக்காரர் இல்லையா? ஒரு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறு கையில் போனை வைத்திருக்கிற தாய் இல்லையா? எங்கள் வீதியிலேயே என்னைப்போல ஐந்து பேரை எனக்குத் தெரியும். மூன்று கடைக்காரரும் என் கையைப் பார்த்தார்கள். பார்த்த பிறகும், திரை எவ்வளவு பெரியது என்றுதான் விளக்கம் சொன்னார்கள்.

கனடாவில் இருக்கிற என் தம்பிக்கு மனிசி விசயத்தைச் சொல்லிவிட்டா. அவன் கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் ஒரு போன் கொடுத்தனுப்பினான். பெட்டியைத் திறந்தேன். ரொட்டி சுடுகிற தட்டு மாதிரி. இனி என்ரை முகத்தை வடிவாப் பாக்கலாம் அண்ணை என்றான் தம்பி. அவன் பிறந்த நாளிலிருந்து அவனுடைய முகத்தைப் பார்க்கிறவன் நான். சின்னதுதான் வேண்டுமென்று நானும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். சொன்னதைக் கேட்காமல் அனுப்பிவிட்டு, நன்றி சொல்லவில்லை என்று மனிசியிடம் குறை வேறு.

மனிசிக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது. குசினியில் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து, சமைத்துக்கொண்டே நாடகம் பார்ப்பா. அவாவுக்கு அது பொருந்தும். அவாவுக்கு இரண்டு கை. நான் அதில் ஒரு எழுத்துத் தட்டுவதென்றால் எங்காவது குந்தியிருந்து, மடியில் வைத்து, கோழி கொத்துகிறமாதிரிக் கொத்த வேண்டும். சண்டிக்கட்டுக்குள் வைத்தால் முக்கால்வாசி வெளியே நிற்கும். வரம்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் மாட்டின் காலுக்கு அரைச் சாணில் தப்பியது. அதற்குப் பிறகு திரும்பவும் இடுப்புக்குத்தான் வந்தது.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணி இருக்கும். என் முறை அன்றோ அடுத்த நாளோ வர வேண்டும். வாய்க்காலுக்குள் இறங்கி, என் மடையை அடைத்து நின்ற புல்லை வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே இருக்கிற வயலில் அதன் சொந்தக்காரியும் இன்னும் மூன்று பெண்களும் கோழிச்சூடன் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பயிர் கதிர் தள்ளுகிற நேரம், அதோடு ஈரத்தை உறிஞ்சுகிற சோளகக் காற்று. ஒரு முறை தவறினால் மணி பால் பிடிக்காமல் வெறும் சப்பியாகப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

மண்வெட்டிப் பிடியைக் குட்டைக் கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது கையை இடுப்புக்கு விட்டேன். பழைய பழக்கத்தில் ஒரு இழுவை. போனின் மூலை கட்டில் கொழுவியது. இன்னொரு இழுவையில் போனும் வந்தது, சண்டிக்கட்டும் அவிழ்ந்தது. சாரம் இறங்குகிறது, கையில் பலகை, எதிரில் நாலு பெண்கள். எனக்கு இருப்பது ஒரு கை. நான் முடிவெடுக்கவில்லை, கைதான் எடுத்தது. சாரத்தைப் பிடித்தது. போன் தண்ணீருக்குள் போனது.

"அண்ணை மானத்தைக் காப்பாத்திட்டார். இனித் தண்ணியை ஆர் காப்பாத்திறது?" என்றாள் அந்த நால்வரில் ஒருத்தி.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது. சாரத்தைக் கட்டிவிட்டுச் சேற்றுக்குள் கையை விட்டுத் இருபது நிமிசம் துழாவி எடுத்தபோது போனின் முகம் கறுத்திருந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. அந்தப் பெண்கள் வயலுக்குப் போன் கொண்டுவருவதில்லை, கீழ் வயலுக்கு ஓம் போடுவது வீட்டில் இருக்கிற பிள்ளைகள். வீட்டுக்கு ஓடினேன். இருபது நிமிச நடைதான், ஆனால் ஈரச் சாரத்தோடு வரம்பில் ஓடுவது ஓட்டமில்லை. மனிசியின் பட்டன் போனை வாங்கி வாய்க்கால் பொறுப்பாளருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் என்னைவிட இளையவர், கெட்டவரில்லை.

"அரை மணித்தியாலம் பாத்தனான் அண்ணை. ஓம் வரேல்லை. கீழ் வயலுக்குக் குடுத்திட்டன்."

"எப்ப குடுத்தனீர்?"

"இப்பதான். ஒரு பத்து நிமிசம்."

"நான் வாய்க்காலுக்குள்ளைதான் நிண்டனான். நீர் சைக்கிளிலை வந்திருந்தா என்னிலை முட்டியிருப்பீர்."

"குறூப்பிலை போட்டாச்சண்ணை."

குறூப்பில் போட்டாச்சு. நல்ல வார்த்தைகளைச் சேர்க்கிற என் கொப்பியில் இதையும் எழுதினேன், பேனை தாளைக் கிழிக்கிறமாதிரி அழுத்தி. பேசாமல் இருந்துவிட நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான வார்த்தை இருக்காது.

திரும்பி வயலுக்குப் போனேன். என் மடையைத் தாண்டித் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. கீழ் வயல்காரியின் பயிரும் கதிர் தள்ளுகிற பயிர்தான். அவளுக்கும் தாகம்தான். அவள் என்னைக் கண்டு, பிடுங்கின புல்லை வரம்பில் போட்டாள். பிறகு வந்தாள்.

"உங்கடை மடையைத் திறவுங்கோ அண்ணை. அரைவாசி நேரம் நீங்கள் விடுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. உன்ரை முறை."

"உங்கடை முறைதான் எனக்கு வந்தது. அது எனக்குத் தெரியாதே? திறவுங்கோ."

திறந்தேன். அவளில் எனக்கு ஒரு துளி கோபமில்லை. ஆனால் எனக்கு உரித்தான தண்ணீருக்குள் நான் நனைந்து நின்றிருக்க, அதை இன்னொருத்தியின் இரக்கத்தில் வாங்க வேண்டி வந்தது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அரை நேரத் தண்ணீர் பள்ளத்து இரண்டு துண்டுக்கும் பாய்ந்தது. மேட்டுத் துண்டுக்கு ஏறவில்லை.

வாய்க்கால்காரரின் அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கதைத்தேன். ஓம் வராதவர்களுக்கு ஒரு தடவை எடுத்துக் கேட்கலாமே என்றேன். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றார் பொறுப்பாளர். காலத்தோடு நாங்களும் மாற வேண்டும் என்றார். பின்னாலிருந்து ஒருவர், அண்ணைக்குப் போனுக்கு ஒரு குறூப், சாரத்துக்கு ஒரு குறூப் திறக்க வேணும் என்றார். மண்டபம் சிரித்தது.

"நான் உங்களுக்கு முதலே மாறினனான்" என்றேன். "சின்னப் போனிலை ஒரு முறையும் தவறாமல் ஓம் போட்டனான். மாறினது நானில்லை, போன்."

கீழ்வயல்காரி எழும்பி, எடுத்துக் கேட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் கூட்டக் கொப்பியில் 'யோசிப்போம்' என்று எழுதினார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

மாங்குளம் சந்தியில் பழைய போன் திருத்துகிற ஒருவர் இருக்கிறார் என்று பேச்சு வந்தது. பஸ் ஏறிப் போனேன். ஒரு மேசை, ஒரு விளக்கு, மூக்கின் நுனியில் கண்ணாடி. என் சின்னப் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வேறொரு போனின் பற்றறியை எடுத்து, மூலையை அராவி, கொள்ளப் பண்ணினார். முடித்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். அதுவும் சவர்க்காரக் கட்டிதான்.

"குனிஞ்சு வேலை செய்யிறவன் பெரிசு வைச்சிருக்கேலாது ஐயா. குனிய விழும்."

அவ்வளவு கடைக்காரரில் எனக்குப் புரிகிறமாதிரிக் கதைத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரும் ஒன்று சொன்னார். இந்தப் பற்றறி ஒரு வருசம் இழுக்கும், அதற்குப் பிறகு பொருத்தத் தன்னிடமும் இல்லை. அந்த வருசத்துக்குப் பிறகு நான் என்ன செய்வது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

தம்பி அனுப்பிய போன் சாகவில்லை. மனிசி அரிசிக்குள் மூன்று நாள் தாட்டு வைத்தா, எழும்பிவிட்டது. இப்போது அது குசினியில் நாடகம் காட்டுகிறது. அந்த அளவில் எனக்கும் அதற்கும் சமாதானம்.

போன கிழமை தம்பி பயிர் எப்படி என்று கேட்டிருந்தான். வரம்பில் நின்று மேட்டுத் துண்டைப் பார்த்தேன். பள்ளத்தில் கதிர் மணி பிடித்துத் தலை சாய்கிறது. மேட்டில் வெளுத்துப்போய் நிமிர்ந்து நிற்கிறது. பாரம் இருந்தால்தானே சாயும். சின்னப் போனை எடுத்து, ஒரு கையால் பிடித்து, அதே கையின் பெருவிரலால் படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் அவனுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. படம் தெளிவில்லை அண்ணை, நான் அனுப்பின பெரிய போனில் எடுத்து அனுப்புங்கோ என்று எழுதியிருந்தான்.

வாய் நிறைய வந்தது. அவனுக்கு எடுத்து நாலு வார்த்தை கொடுப்போம் என்று பெருவிரலை வைத்த நேரம் சைக்கிள் மணி கேட்டது. பள்ளத்துத் துண்டுக்கு இன்னும் தண்ணீர் வேண்டும். குறூப்புக்குப் போய் 'ஓம்' போட்டேன். மடையைத் திறந்து, தண்ணீர் உள்ளே திரும்புகிறதைக் கண்ணால் பார்த்தேன். மண்வெட்டி என் நெஞ்சோடு இருந்தது. சாரம் இடுப்பில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் தம்பிக்கு எடுத்தேன்.