அவர் போடாத கையெழுத்து

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மாள் போட்டுக் கொடுத்தது. சார்கருவூலத்தில் முப்பத்தாறு வருடம் அடுத்தவர்களின் பில்லில் ஆட்சேபணைக் குறிப்பு எழுதியவனுக்கு வீட்டில் ஆட்சேபிக்க எதுவும் இல்லை. என் மனைவி எதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்பதில்லை. ஆகவே காலை பத்தரைக்கு அந்த நாற்காலிக்கு வந்துவிடுவேன். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. "ஆதார் ரெண்டு காப்பி, பான் ரெண்டு காப்பி" என்று நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மாளின் மிஷின் ஓடும். என் சேவை இலவசம், அவருடையது பக்கத்துக்கு இரண்டு ரூபாய். இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்குமே குறையில்லை.

முதலில் வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்றுதான் வந்தார்கள். என் ஓய்வூதியப் பலனில் ஒரு பகுதியை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருக்கிறேன் என்று எப்படியோ வெளியே தெரிந்ததும் கேள்விகள் மாறின. ஊருக்கு ஊர் ஆள் வேறு, கேள்வி ஒன்றுதான். பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார், "சார், ஒரு ஃபண்டுல யூனிட்டு பத்து ரூபா, இன்னொண்ணுல நானூறு ரூபா. பத்து ரூபாதானே சீப்பு?" இரண்டும் பத்து சதவீதம் ஏறினால், நீங்கள் போட்ட ஆயிரம் இரண்டிலுமே ஆயிரத்து நூறுதான் ஆகும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மிகவும் நன்றாகப் புரிந்தது என்று சொல்லிவிட்டுப் போய் பத்து ரூபாய் யூனிட்டை வாங்கினார். மாதத் தவணையை நடுவில் நிறுத்தினால் முன்பு கட்டியதெல்லாம் போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சீட்டுக் கம்பெனியில் அடிபட்டவர்கள். போகாது, கட்டியது கட்டியபடி இருக்கும் என்றால் நம்பமாட்டார்கள். நாமினியாகப் போட்டால் பணம் அந்த ஆளுக்கே சொந்தமாகிவிடுமா என்ற கேள்வியை மட்டும் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வாங்கிக்கொள்ளத்தான் நாமினி, பங்கு வாரிசுகள் எல்லோருக்கும் என்பேன். முகத்தில் நிம்மதி வருமா ஏமாற்றம் வருமா என்பது குடும்பத்தைப் பொறுத்தது. எந்த ஷேர் ஏறும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். இதுவரை நன்றாக ஏறியவை எல்லாம் நான் வாங்காதவை.

இத்தனை பேரில், பணம் போடுவதற்குச் சரியான காரணம் சொன்னவர் ஒரே ஒருவர். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் அம்மா. இது நடந்து பல வருடம் ஆகிறது. கணவர் ரியாத்தில் ஒரு பெரிய கடையின் குடோனில் வேலை.

"அவங்க அனுப்புறதுல செலவு போவ கொஞ்சம் மிச்சம் இருக்குது சார். நகையா வாங்குனா கழுத்துல தெரியுது. பாக்குறவங்க அடகு வெக்கக் கேக்குறாங்க, இல்லன்னு சொல்ல முடியல. யாரு கண்ணுக்கும் தெரியாத மாதிரி எதாச்சும் இருக்குதா?"

இருக்கிறது என்றேன். யார் பெயரில் என்று கேட்டேன்.

"அவங்க பேர்லதான். அவங்க சம்பாதிச்ச காசு."

படிவத்தை நிரப்பினேன். மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்கெல்லாம் அவர் கையெழுத்து வேணும், லீவுல வரும்போது வாங்கி வெச்சுக்குங்க" என்றேன். "வாங்கியாறேன் சார்" என்று படிவத்தை எடுத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் நடந்தார். என் கையில் இருந்த டீ பாதி தீர்வதற்குள் திரும்பி வந்தார். மூன்று இடத்திலும் கையெழுத்து இருந்தது. வாங்கிப் பார்த்தபோது ஜெல் பேனா மை என் கட்டைவிரலில் ஒட்டியது. ரியாத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் எந்தத் தபாலும் வந்து நான் பார்த்ததில்லை.

விதி எனக்குத் தெரியும். கணவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இல்லாமல் மனைவி அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. வெளிநாட்டில் வேலை செய்பவரை உள்ளூர்வாசி என்று படிவத்தில் காட்டுவதும் தவறு. சர்வீஸில் இருந்தபோது இதில் பாதி குறைக்கே மூன்று பில்லைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்று கட்டைவிரலை வேட்டி நுனியில் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்த மாதம் எத்தனையோ பேருக்கு விளக்கம் சொல்லியிருந்தேன். படிவத்தை முடித்துக் கொடுத்தவர் இந்த ஒருவர்தான். ஃபண்டு ஏஜெண்ட் வந்து வாங்கிக்கொண்டு போனார், அவரும் எதையும் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு நகல் எடுத்து என் ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த அம்மா எப்போதாவது கடைப்பக்கம் வருவார். மாதாமாதம் பணம் பிடிக்கிறார்களா என்று பாஸ்புக்கைக் காட்டிக் கேட்பார். சந்தை விழுந்து மற்றவர்களெல்லாம் என் நாற்காலியைச் சுற்றி நின்று புலம்பிய நாட்களில் அவர் வந்ததே இல்லை. சந்தை என்று ஒன்று விழுந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து இதுதான் முதலீட்டாளருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி.

சென்ற வருடம் கணவர் மொத்தமாக ஊர் திரும்பினார். வெளிநாடு போவதற்கு முன் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை வார்க்கும் ஷெட் ஒன்றில் வேலை செய்தவர். அதே ஷெட்டின் முதலாளி மகனோடு கோயம்புத்தூர் போவதாக இருந்தார். சூளையும் அச்சுகளும் சேர்த்து, இவருக்கே கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் முன்பணம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பெண்ணாடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன இன்னொருவருக்குப் போய்விடும். கணவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் மனைவி ஃபண்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அதுவரை அவர் கண்ணுக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கிறது. பணத்தை எடுக்கப் படிவம் போட்டார்கள். அது திரும்பி வந்தது.

மாதம் பதினான்காம் தேதி இருவரும் கடைக்கு வந்தார்கள். படிவத்தோடு வந்த கடிதத்தை என் முன்னால் நீட்டினார் கணவர்.

"எங் கையெழுத்த நான் போட்டிருக்கேன். ஒத்துப்போவலன்னு எழுதியிருக்கான் சார். அப்ப யாரு போட்டாதான் ஒத்துப்போவுமாம்?"

"நான் போட்டா ஒத்துப்போவும்" என்றார் மனைவி.

ஜெராக்ஸ் மிஷின் நின்றது. கடைக்கார அம்மாள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ போட்டியா? எங் கையெழுத்த?"

"பாங்குல கணக்கு ஆரம்பிக்கும்போது நீங்க போட்டது பாஸ்புக்குல இருந்துச்சு. அதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க பிளைட்டு ஏறுன மறுமாசத்துலேர்ந்து. புள்ளைங்க ரிப்போர்ட்டு கார்டுல யாரு போட்டா? கேஸ் சிலிண்டருக்கு யாரு போட்டா? வூட்டு வரிக்கு யாரு போட்டா? போன்ல கேட்டா, நீயே பாத்துக்கன்னு சொல்லிட்டு வெச்சிடுவீங்க. பாத்துக்கிட்டேன்."

"பாத்துக்கன்னா இப்டியா பாத்துக்குறது?"

"நல்லாத்தான் பாத்திருக்குது, வுடுங்க பாய்" என்றார் கடைக்கார அம்மாள். "எங்க வூட்டுக்காரரு உள்ளூருலயேதான் இருக்காரு. ஒரு கையெழுத்துக்கு மூணு நாளு அலையணும்."

இந்த இடத்தில் நானும் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டது என் தப்பு என்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அன்னிக்கு சொல்லியிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன் சார். பணமும் இருந்திருக்காது."

சர்வீஸில் இருந்திருந்தால் இதற்கும் ஓர் ஆட்சேபணைக் குறிப்பு எழுதியிருப்பேன்.

கணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒரு கோடு, ஒரு நெளிவு, முடிந்தது. கொசுவை அடித்துத் தேய்த்த மாதிரி இருந்தது. "குடோன்ல ஒரு நாளைக்கு நூறு, நூத்தம்பது சலான் சார். இழுத்து வுட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்போம்" என்றார். பழைய பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். அதில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் பெயரை முழுசாகத் தமிழில் எழுதி, கீழே வளைவாக ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்திருந்தான். என் ஃபைலில் இருந்த நகலை எடுத்தேன். அதே எழுத்து, அதே வளைவு, அதே இரண்டு புள்ளி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவருடைய கையெழுத்து போல இல்லாதது, அவர் இப்போது போட்டது ஒன்றுதான்.

அவர் பாஸ்புக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது நானா போட்டேன்?" என்றார்.

நடைமுறை இரண்டு இருந்தது. புதிய கையெழுத்தை வங்கியில் முதலில் பதிய வேண்டும், பிறகு மேலாளரின் சான்றோடு ஃபண்டுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் ஏற்ற பிறகு பணத்துக்குப் படிவம் போட வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் மாதம் தாண்டிவிடும், ஷெட் பெண்ணாடத்துக்குப் போய்விடும். இரண்டாவது வழி, வங்கியில் உள்ள பழைய கையெழுத்தையே மேலாளர் எதிரில் போட்டு, அதற்குச் சான்று வாங்கி, படிவத்தோடு இணைப்பது. இதற்கு இரண்டு நாள் போதும். ஆனால் அந்தக் கையெழுத்து அவருக்கு வர வேண்டும்.

"அப்ப வழக்கம்போல நானே போட்டுத் தரேன்" என்றார் மனைவி.

"வேண்டாம். இந்தத் தடவை அவர்தான் போடணும்" என்றேன். ஒருமுறை பார்க்காத மாதிரி இருந்தது போதும். தன் கையெழுத்தைத் தானே போடுவது எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் குற்றமில்லை.

கடைக்கார அம்மாள் வீணான ஜெராக்ஸ் தாள்களை ஒரு கட்டு எடுத்துப் போட்டார். அவற்றின் பின்பக்கத்தில் ஐம்பது வயதை நெருங்கும் மனிதர் தன் கையெழுத்தை எழுதிப் பழகினார். மனைவி பக்கத்தில் நின்றார்.

"வால மேல தூக்குங்க. அவ்ளோ இல்ல. புள்ளி கோட்டுக்குக் கீழ."

"எங் கையெழுத்துக்கு நீ தப்பு கண்டுபுடிக்கிற."

"தப்பா போட்டா சொல்லத்தானே வேணும்?"

மறுநாள் வங்கிக்கு நானும் போனேன். மேலாளர் பழைய கையெழுத்து அட்டையை எடுத்து வரச் சொல்லி, ஆதாரைப் பார்த்து, ஆளைப் பார்த்து, போடுங்கள் என்றார். முதல் கையெழுத்து நன்றாக வந்தது. "இன்னொண்ணு" என்றார். இரண்டாவதில் முதல் மூன்று எழுத்து வரை ஒழுங்காகப் போய், அதன் பிறகு பேனா தானாகச் சலானுக்குப் போய்விட்டது. மேலாளர் புருவத்தைத் தூக்கினார். சர்வீஸில் இருந்தபோது எத்தனை பேருக்கு நான் புருவத்தைத் தூக்கியிருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து மனைவி சொன்னார், "அவசரப்படாதீங்க. குடோன்ல லாரி நிக்கல."

மேலாளர் சிரித்துவிட்டார். "வெளிநாட்டுல இருந்தீங்களா? இங்க வர்ற பாதிப் பேருக்கு இதே கதைதான். நிதானமா போடுங்க" என்றார். கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் போட்டார். வளைவு, புள்ளி, புள்ளி. மேலாளர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை குத்தி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அதுவும் கொசுதான்.

இத்தனை பாடும் பட்டு, படிவத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது கணவர் என் கையைப் பிடித்தார்.

"சார், ஒரு சந்தேகம். இன்னும் ஆறு மாசம் வுட்டு வெச்சா நல்லா ஏறுமோ?"

எல்லோரும் கேட்கும் கேள்விதான். நான் பதில் சொல்வதற்குள் மனைவி சொல்லிவிட்டார். "ஏறும். அதுக்குள்ள ஷெட்டுல பெண்ணாடத்துக்காரன் ஏறிக்குவான்."

உறையை ஒட்டினேன். லாபத்தின் மேல் வரி எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் பாதி யூனிட்டுதான் எழுதியிருக்கிறேன், முன்பணத்துக்கு அது போதும், மீதி இருக்கட்டும், வெளிநாட்டில் இருந்ததைக் காட்டாமல் விட்டதை எல்லாம் பிறகு முறைப்படி திருத்திக்கொள்ளலாம் என்றேன். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பணம் வந்தது. மாதக் கடைசி நாளன்று ஷெட்டின் சாவி கைமாறியது.

அந்த அம்மா மூன்று மாதம் கழித்துத் தனியாக வந்தார். ஷெட் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "ஓடுது சார். தூசி வூட்டு வரைக்கும் வருது" என்றார். தன் பெயரிலேயே ஒரு ஃபண்டு ஆரம்பிக்க வேண்டும், சின்னதாக இருந்தால் போதும், கணவருக்குத் தெரிந்தே ஆரம்பிக்க வேண்டும் என்றார். படிவத்தை நிரப்பி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டினேன். பேனாவைத் தாளில் வைத்தார். வந்தது கணவர் பெயரின் முதல் எழுத்து.

"ஐயய்ய" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேற ஒண்ணு எடுக்குறேன், இரு" என்று கடைக்கார அம்மாள் மிஷினைப் போட்டார்.

புதுத் தாள் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, வீட்டில் போட்டுக் கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம், இங்கேயே போடுங்கள், அடுத்த பஸ்ஸும் மங்கலம்பேட்டைக்குத்தான் போகிறது என்றேன். வீணான தாளின் பின்பக்கத்தில் தன் பெயரை நாலைந்து முறை எழுதிப் பார்த்தார். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் வளைவு, புள்ளி என்று எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடத்தில் எழுதியது போல நேராகத் தன் பெயரை எழுதினார். மூன்று இடத்திலும் அப்படியே எழுதினார்.

இந்தத் தடவை நான் படிவத்தைத் தொடவில்லை. மை காயும் வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.